பெண்ணுக்குச் சம்பளம் 20 சதவீதம் குறைவு என்றால், முதலாளிகள் பெண்களையே வேலைக்கு வைக்கலாமே?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன். பெண்கள் ஆண்களைவிட 20 சதவீதம் குறைவாகச் சம்பாதிக்கிறார்கள் என்று எங்கு பார்த்தாலும் எழுதுகிறார்கள். அது நிஜமாக இருந்தால் லாபம் பார்க்கிற எந்த முதலாளியும் ஆண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பெண்களை வைத்தே வேலையை முடித்திருப்பார். அப்படி யாரும் செய்யக் காணோம், ஆகவே பாகுபாடு என்பதே கட்டுக்கதைதானே என்கிறீர்கள். கேள்வியில் கொஞ்சம் சீண்டல் இருக்கிறது, பரவாயில்லை, பொருளாதாரப் பேராசிரியர்களே பல்லாண்டுகளாகச் சண்டை போட்ட விஷயம்தான் இது. அந்த 20 சதவீதத்தில் முதலாளியின் பாரபட்சம் எவ்வளவு, மற்ற காரணங்கள் எவ்வளவு என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். நான் படித்தது தொழிலாளர் பொருளாதாரம். பிழைப்பு, நிறுவனங்களின் சம்பளப் பட்டியலை வாங்கி, ஒரே மாதிரி வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி சம்பளம் போகிறதா என்று கணக்குப் போட்டுச் சொல்வது. அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த எண். உலக அளவில் சுமார் 20 சதவீதம் என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2018-19 ஊதிய அறிக்கையில் வந்தது. அமெரிக்காவில் 2023 கணக்குப்படி, வருடம் முழுவதும் முழுநேர வேலை பார்த்த ஆண் ஒரு டாலர் வாங்கினால் அதேபோல வேலை பார்த்த பெண் சுமார் 83 சென்ட் வாங்கினார். இரண்டுமே சரியான எண்கள்தான், ஆனால் இவை சொல்வது வேறு. எல்லா ஆண்களையும் ஒரு பக்கம், எல்லாப் பெண்களையும் ஒரு பக்கம் நிறுத்தி ஒப்பிட்டால் வரும் வித்தியாசம் இது. அறுவைச் சிகிச்சை நிபுணரும் செவிலியரும், விமானியும் விமானப் பணிப்பெண்ணும் ஒரே கூட்டத்துக்குள் அடக்கம். ஒரே மேசையில் ஒரே வேலை பார்க்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு 20 சதவீதம் குறைத்துக் கொடுக்கிறார்கள் என்று அந்த எண் சொல்லவே இல்லை. சட்டங்களும் இவ்விரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கின்றன. பிரிட்டனில் சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சட்டம் 1970-இல் வந்தது, அதை மீறினால் வழக்கு. 250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் மொத்த இடைவெளியை வெளியிட வேண்டும் என்ற விதி 2017-இல்தான் வந்தது. விமானிகள் பெரும்பாலும் ஆண்களாகவும் பணிக்குழுவினர் பெரும்பாலும் பெண்களாகவும் இருக்கிற ஒரு விமான நிறுவனம் பெரிய இடைவெளியைக் காட்டலாம், அதே சமயம் ஒரு சட்டத்தையும் மீறாமலும் இருக்கலாம்.

இதிலேயே உங்கள் கேள்வியில் பாதிக்குப் பதில் வந்துவிடுகிறது. ஒரே வேலையை 20 சதவீதம் மலிவாகச் செய்து தரத் தயாராக ஒரு கூட்டம் வெளியில் காத்துக்கொண்டிருக்கவில்லை, அதனால் முதலாளி அவர்களைக் கூப்பிட்டு லாபம் பார்க்கும் வாய்ப்பும் இல்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு "பார்த்தீர்களா, பாகுபாடே இல்லை" என்று முடித்துவிட முடியாது.

வேலை, அனுபவம், படிப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது? இதற்கு அதிகம் மேற்கோள் காட்டப்படுவது பொருளாதார அறிஞர்கள் பிரான்சின் பிளாவ், லாரன்ஸ் கான் இருவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் 2010 தரவில் மணிக்கணக்குச் சம்பளத்தில் மொத்த இடைவெளி சுமார் 21 சதவீதம். படிப்பு, அனுபவம், தொழில், துறை, தொழிற்சங்க உறுப்பினரா என்பது உட்பட எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் மிஞ்சுவது சுமார் 8 சதவீதம். சுவாரசியமான விஷயம், படிப்பில் பெண்கள் ஏற்கெனவே முந்திவிட்டதால் படிப்பு இடைவெளியை விளக்கவே இல்லை. எந்தத் தொழில், எந்தத் துறை என்ற இரண்டும் சேர்ந்தே கிட்டத்தட்டப் பாதியை விளக்கிவிடுகின்றன.

இந்த இடத்தில்தான் வாதம் செய்கிற இரண்டு தரப்பும் வண்டியை நிறுத்திவிடுகிறது. ஒருவர் 20-ஐயும் பாகுபாடு என்பார், இன்னொருவர் 8 மட்டும்தான், அதுவும் பெண்கள் பேரம் பேசாததால் என்பார். மிஞ்சிய அந்த 8 சதவீதத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் "விளக்கப்படாத பகுதி" என்பது மட்டுமே. தரவில் இல்லாத எல்லாமே அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்: பாரபட்சமும் இருக்கலாம், வாரத்துக்கு எத்தனை இரவு தாமதமாக இருந்தார் என்பதும் இருக்கலாம், எந்த ஊருக்கும் மாற்றலாகிப் போகத் தயாரா என்பதும் இருக்கலாம். அதேபோல, விளக்கப்பட்ட பகுதியில் பாகுபாடே இல்லை என்றும் அர்த்தமில்லை. ஒரு பெண் மேலாளராக ஆகவிடாமல் தடுக்கப்பட்டிருந்தால், எங்கள் கணக்கு அவரை மேலாளர் அல்லாத மற்றவர்களோடு ஒப்பிட்டு, "சரியாகத்தான் கொடுக்கிறார்கள்" என்று சொல்லிவிடும். ஆக 8 என்பதை உச்சவரம்பு என்றும் சொல்ல முடியாது, குறைந்தபட்சம் என்றும் சொல்ல முடியாது.

இதை என் வேலையிலிருந்து கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். நிறுவனத்திலிருந்து வரும் கோப்பில் ஆளுக்கு ஒரு வரிசை இருக்கும்: சேர்ந்த தேதி, பிரிவு, கிரேடு (பதவிப் படிநிலை), அடிப்படைச் சம்பளம், போனஸ், கடைசியாகப் பதவி உயர்வு கிடைத்த தேதி. சூத்திரத்தில் கிரேடு பத்தியைச் சேர்த்து, அதாவது ஒரே கிரேடில் இருப்பவர்களை மட்டும் ஒப்பிட்டுக் கணக்கை ஓடவிட்டால் பெரும்பாலான இடங்களில் இடைவெளி ஏறக்குறைய காணாமல் போகும், எச்.ஆர். மேலாளர் முகத்தில் நிம்மதி தெரியும். அந்தப் பத்தியை எடுத்துவிட்டு ஓடவிட்டால் அது மறுபடி தலைகாட்டும். இரண்டு விடையும் கணக்குப்படி சரிதான். அப்போது நான் கேட்பது, இந்த கிரேடை யார், எந்தத் தேதியில், எதை வைத்து முடிவு செய்தார்கள் என்பதை. பல நேரம் அது வேலைக்குச் சேரும் நாளிலேயே முடிந்திருக்கும். ஒரே படிப்பு, ஒரே அளவு அனுபவம் உள்ள இரண்டு பேர். விண்ணப்பப் படிவத்தில் "முந்தைய சம்பளம்" என்று ஒரு கட்டம். அதில் அதிகமாக எழுதியவருக்கு அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்க வேண்டுமே என்பதற்காகவே ஒரு கிரேடு மேலே இடம். யாரும் யாரையும் வெறுக்கவில்லை, படிவத்தை வடிவமைத்தவருக்கு இதைப் பற்றிய யோசனைகூட இருந்திருக்காது. ஆனால் முந்தைய இடத்தில் குறைவாக வாங்கியவர் இங்கும் குறைவாகத்தான் தொடங்குகிறார், அதற்கப்புறம் வரும் ஒவ்வொரு இன்க்ரிமென்டும் சதவீதக் கணக்கில் வருவதால் ரூபாயாகவோ டாலராகவோ பார்த்தால் வித்தியாசம் வருடா வருடம் பெருத்துக்கொண்டே போகும். இதைப் பாகுபாடு என்பதா வேண்டாமா என்று என்னிடம் கேட்டால், நோக்கத்தை வைத்துப் பார்த்தால் இல்லை, விளைவை வைத்துப் பார்த்தால் ஆம் என்பேன். முந்தைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்று அமெரிக்காவில் பல மாநிலங்கள் சட்டம் போட்டதற்குக் காரணம் இதுதான்.

முதலாளியின் பாரபட்சத்துக்கு இடமே இல்லாத வேலைகளில் என்ன நடக்கிறது என்று பார்ப்பது இன்னொரு வழி. இந்த வகையில் எனக்குப் பிடித்தது பாஸ்டன் நகரப் பொதுப் போக்குவரத்தின் பேருந்து, ரயில் ஓட்டுநர்களைப் பற்றிய ஆய்வு. தொழிற்சங்கம் பலமாக இருக்கிற இடம். ஆணோ பெண்ணோ மணிக்கு ஒரே கூலி, ஷிப்ட் தேர்ந்தெடுக்கும் உரிமை பணிமூப்புப்படி, மேலதிகாரி நினைத்தாலும் யாருக்கும் ஒரு சென்ட் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அப்படியும் ஆண் ஓட்டுநரின் ஒரு டாலருக்குப் பெண் ஓட்டுநர் வாங்கியது 89 சென்ட். காரணம், ஆண்கள் ஒன்றரை மடங்கு கூலி தரும் ஓவர்டைமை அதிகமாக எடுத்தார்கள், சம்பளமில்லா விடுப்பைக் குறைவாக எடுத்தார்கள். "நாளைக்கு ஒரு ஷிப்ட் காலியாக இருக்கிறது, வருகிறீர்களா" என்று திடீரெனக் கூப்பிடும்போதுதான் வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது. மாதக்கணக்கில் முன்கூட்டியே சொல்லித் திட்டமிடும் ஓவர்டைமில் அது வெகுவாகச் சுருங்கியது. ஊபர் ஓட்டுநர்கள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவிலும் இதே மாதிரிதான்: கட்டணத்தை நிர்ணயிக்கும் நிரலுக்கு ஓட்டுபவர் ஆணா பெண்ணா என்று தெரியாது, பேரமும் கிடையாது, ஆனாலும் மணிக்கு 7 சதவீத இடைவெளி. எந்தப் பகுதியில் ஓட்டுகிறார்கள், எவ்வளவு காலமாக ஓட்டுகிறார்கள், எவ்வளவு வேகமாக ஓட்டுகிறார்கள் என்ற மூன்றும் சேர்ந்து அதை முழுக்க விளக்கிவிட்டன. இடைவெளி இருந்தாலே பாகுபாடு என்று சொல்பவர்கள் இந்த இரண்டு ஆய்வுகளுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

சரி, பாகுபாடு இருக்கிறது என்பதற்கு நேரடி ஆதாரம் உண்டா? உண்டு, அதற்குச் சோதனைகள் தேவைப்பட்டன, ஏனென்றால் சம்பளத் தரவில் மனதைப் படிக்க முடியாது. 2012-இல் வெளியான ஒரு சோதனையில் 127 அறிவியல் பேராசிரியர்களுக்கு ஆய்வக மேலாளர் வேலைக்கான ஒரே விண்ணப்பத்தைக் கொடுத்தார்கள், பாதிப் பேருக்கு ஜான் என்ற பெயரில், மீதிப் பேருக்கு ஜெனிபர் என்ற பெயரில். ஜானுக்குச் சொன்ன ஆண்டுச் சம்பளம் சராசரியாக 30,238 டாலர், ஜெனிபருக்கு 26,508. பெண் பேராசிரியர்களும் ஆண் பேராசிரியர்களைப் போலவேதான் மதிப்பிட்டிருந்தார்கள், ஆகவே இதை ஆண்களின் சதி என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. சமூகவியலாளர் ஷெல்லி கோரெல் குழுவினர் 2007-இல் செய்ததில், தகுதியெல்லாம் ஒன்றாக இருந்தும், தாய் என்று தெரியும்படி எழுதியிருந்த விண்ணப்பங்களைவிடப் பிள்ளை இல்லாத பெண்களின் விண்ணப்பங்களுக்கு இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் கூடுதலாக அழைப்பு வந்தது. தந்தை என்று எழுதியிருந்த ஆண்களுக்கு அப்படி எந்த இழப்பும் இல்லை.

இந்த மாதிரிச் சோதனைகளை மட்டும் அடுக்கி வைத்தால் நான் உங்களை ஏமாற்றியதாகிவிடும். திரைக்குப் பின்னால் வாசிக்கவைத்துத் தேர்வு செய்ததால் இசைக்குழுக்களில் பெண்கள் அதிகமானார்கள் என்ற 2000-ஆம் ஆண்டு ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதன் மாதிரி சிறியது, சில சுற்றுகளில் முடிவு எதிர்த்திசையில்கூடப் போகிறது, அதை உறுதியான ஆதாரமாக நான் இப்போதெல்லாம் சொல்வதில்லை. அண்மையில் அமெரிக்காவின் மிகப் பெரிய நிறுவனங்களுக்குச் சுமார் 83,000 போலி விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். சராசரியாக ஆணுக்கும் பெண்ணுக்கும் அழைப்பு வருவதில் வித்தியாசமே இல்லை. ஆனால் நிறுவனவாரியாகப் பிரித்தால் சில நிறுவனங்கள் தெளிவாக ஆண்கள் பக்கமும், சில தெளிவாகப் பெண்கள் பக்கமும் சாய்ந்திருந்தன. இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிட்டுச் சராசரி பூஜ்யமாகிவிட்டது. இந்த முடிவு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. பாகுபாடு காற்று மாதிரி எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை, சில கதவுகளுக்குப் பின்னால் குவிந்திருக்கிறது. அந்தக் கதவைத் தட்டியவருக்கு நாடு முழுவதற்குமான சராசரியால் ஒரு பயனும் இல்லை.

உள்ளே போன பிறகு நடப்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வட அமெரிக்காவின் ஒரு பெரிய சில்லறை வணிக நிறுவனத்தில் மேலாளர் நிலைக்கு வரக்கூடிய சுமார் 30,000 ஊழியர்களின் மதிப்பீடுகளை ஆராய்ந்தார்கள். அந்த வருட வேலைக்கான மதிப்பெண்ணில் பெண்கள் சற்று மேலே. "எதிர்காலத்தில் எவ்வளவு உயர்வார்" என்ற மதிப்பெண்ணில் கீழே. பதவி உயர்வு இரண்டாவதை வைத்துக் கொடுக்கப்பட்டது. அடுத்த வருடம் பார்த்தால், அந்த எதிர்கால மதிப்பெண் கணித்ததைவிடப் பெண்கள் நன்றாகவே செய்திருந்தார்கள், அப்படியும் மறுபடி குறைத்தே மதிப்பிடப்பட்டார்கள். சம்பளக் கோப்பில் இது எதுவும் தெரியாது. "கிரேடு 4, சம்பளம் சரி" என்று மட்டும்தான் தெரியும்.

இனி பெரிய விஷயத்துக்கு வருகிறேன், குழந்தை. டென்மார்க்கின் மொத்த மக்கள்தொகைப் பதிவேடுகளை வைத்து பொருளாதார அறிஞர் ஹென்ரிக் கிளேவன் குழுவினர் செய்த ஆய்வில், முதல் குழந்தை பிறக்கும் வரை ஆணின் வருமானக் கோடும் பெண்ணின் வருமானக் கோடும் ஒன்றாகவே போகின்றன. பிறந்த வருடம் பெண்ணின் கோடு செங்குத்தாக விழுகிறது, பிறகு எத்தனை வருடம் போனாலும் சுமார் 20 சதவீதம் கீழேயே நிற்கிறது. அப்பாவின் கோட்டில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. 2013 வாக்கில் டென்மார்க்கின் மொத்த ஆண்-பெண் வருமான இடைவெளியில் சுமார் 80 சதவீதத்துக்கு இந்த ஒரு காரணமே போதும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அரசு செலவில் குழந்தைக் காப்பகம், நீண்ட மகப்பேறு விடுப்பு எல்லாம் உள்ள நாட்டில் இந்த நிலை. பிரிட்டனில் நீண்டகால இழப்பு 44 சதவீதம், ஆஸ்திரியாவில் 51, ஜெர்மனியில் 61. இவை மொத்த வருமானக் கணக்கு. வேலையை விட்டவர்கள், பகுதி நேரத்துக்கு மாறியவர்கள் எல்லோரும் இதில் சேர்த்தி, அதனால் மணிக்கணக்குச் சம்பள இடைவெளியோடு நேராக ஒப்பிடக் கூடாது.

உடல்ரீதியான காரணம், பிரசவம், தாய்ப்பால் என்று சொல்வீர்கள் என்று நினைக்கிறேன். அதே குழுவினர் தத்தெடுத்த குடும்பங்களையும் பார்த்தார்கள். பிரசவமும் இல்லை, தாய்ப்பாலும் இல்லை, ஆனாலும் அம்மாவின் நீண்டகால வருமான இழப்பு ஏறக்குறைய அதே அளவு. ஆக உடற்கூறு இதன் முக்கியக் காரணம் அல்ல என்பதை நான் ஓரளவு உறுதியாகவே சொல்வேன். வீட்டில் யார் இரண்டாவது ஆளாக வேலையில் பின்வாங்குவது என்ற வழக்கமா, அந்தப் பெண்ணின் விருப்பமா, "இவள் இனி முன்னைப்போல வரமாட்டாள்" என்ற மேலதிகாரியின் கணிப்பா என்பதைப் பிரிக்கத்தான் நம்மிடம் நல்ல கத்தி இல்லை. மூன்றும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும். கணவனுக்கு ஏற்கெனவே கொஞ்சம் அதிகச் சம்பளம் என்றால், வீட்டுக் கணக்குப்படி மனைவி குறைத்துக்கொள்வதுதான் லாபம். அவள் குறைத்துக்கொள்வாள் என்று தெரிந்த நிறுவனம் அவளுக்குப் பெரிய பொறுப்பைத் தரத் தயங்கும். பொறுப்பு வராததால் சம்பளம் ஏறாது. இதில் எந்தக் கண்ணியைப் பாகுபாடு என்று தனியே பிடித்துக் காட்டுவது?

கிளாடியா கோல்டின் 2023-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார் என்பது தெரிந்திருக்கும். அவர் வாதம், பல வேலைகள் நேரத்துக்குச் சமமாகப் பணம் தருவதில்லை, அறுபது மணி நேரம் உழைப்பவருக்கு முப்பது மணி நேரம் உழைப்பவரைப்போல இரண்டு மடங்கல்ல, அதற்கும் மேலே தருகின்றன, எப்போது கூப்பிட்டாலும் வரவேண்டும் என்பதற்கான கூலி அது என்பது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1990 முதல் 2006 வரை எம்.பி.ஏ. முடித்தவர்களைப் பார்த்தபோது, படித்து முடித்ததும் சம்பளத்தில் சிறிய வித்தியாசம்தான், பத்து பதினைந்து வருடத்தில் அது பள்ளத்தாக்காகிவிட்டது. வேலையை விட்டு விலகியிருந்த காலமும் வாரத்துக்கு உழைத்த நேரமும் படிப்பில் எடுத்த பாடங்களும் அதில் பெரும்பகுதியை விளக்கின. எதிர்மாறாக மருந்தாளுநர் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தக் கடைகள் குறைந்து பெரிய சங்கிலிக் கடைகளும் மருத்துவமனைகளும் வந்தன, நோயாளியின் விவரம் கணினியில் வந்தது, ஒருவர் கிளம்பிப் போனால் அடுத்தவர் அதே இடத்திலிருந்து தொடரலாம். பகுதி நேரம் பார்ப்பவருக்கு மணிக்கூலியில் குறைப்பு இல்லை. யாரும் சமத்துவப் பிரசாரம் செய்யாமலே, அமெரிக்காவில் இடைவெளி மிகக் குறைவாக உள்ள உயர்சம்பளத் தொழில்களில் ஒன்றாக அது ஆகிவிட்டது.

உங்கள் முதல் வாதத்துக்குத் திரும்பலாம், போட்டி பாகுபாட்டைக் கொன்றுவிடும் என்பதற்கு. இதைக் கணக்காக எழுதியவர் பொருளாதார அறிஞர் கேரி பெக்கர், 1957-இல். பாரபட்சம் பார்க்கும் முதலாளி தன் லாபத்தை விட்டுக்கொடுக்கிறார், பார்க்காதவர் முந்திவிடுவார் என்பது தர்க்கப்படி சரி. ஆனால் அது நடக்கச் சந்தை கச்சிதமாக இயங்க வேண்டும். இன்னொரு பொருளாதார அறிஞர் ஜோன் ராபின்சன் 1933-லேயே வேறொரு வழியைக் காட்டினார்: ஒரு கூட்டத்தினர் வேலையை விட்டு இன்னொரு இடத்துக்கு எளிதில் போக முடியாது என்றால், முதலாளிக்கு அவர்கள்மேல் எந்தப் பாரபட்சமும் இல்லாவிட்டாலும் அவர்களுக்குக் குறைத்துக் கொடுப்பதுதான் லாபம். பள்ளி விடும் நேரத்துக்குள் வீட்டுக்குப் போக வேண்டியவர் பக்கத்தில் இருக்கிற இரண்டு மூன்று நிறுவனங்களுக்குள்தான் வேலை தேடுவார், அது அந்த நிறுவனங்களுக்கும் தெரியும். இங்கே போட்டி எதையும் கொல்லாது. அப்புறம், மலிவு என்பதற்காகவே பெண்களை வேலைக்கு வைத்த முதலாளிகள் வரலாற்றில் தாராளமாகவே இருந்திருக்கிறார்கள், ஆரம்பகால நெசவாலைகள் அப்படித்தான் ஓடின.

அப்பட்டமான பாகுபாட்டையும் விட்டுவிடக் கூடாது, அது மறைந்திருக்கும் விதம் தெரிந்துகொள்ள வேண்டியது. லில்லி லெட்பெட்டர் அமெரிக்காவில் குட்இயர் டயர் ஆலையில் 1979-இல் சேர்ந்து மேற்பார்வையாளராக இருந்தார். ஓய்வு நெருங்கும்போது யாரோ பெயர் சொல்லாமல் ஒரு துண்டுச் சீட்டை அவருக்கான பெட்டியில் வைத்தார்கள். அதே பதவியில் இருந்த ஆண்களின் சம்பளம் அதில் இருந்தது: அவருக்கு மாதம் 3,727 டாலர், ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கே 4,286. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சம்பளத்தை முடிவு செய்த 180 நாளுக்குள் புகார் செய்திருக்க வேண்டும் என்று சொல்லி 2007-இல் 5-4 என்ற கணக்கில் தோற்றார். தெரியாத விஷயத்துக்கு 180 நாளுக்குள் எப்படிப் புகார் செய்வது என்பதற்கு 2009-இல் சட்டத்தைத் திருத்தித்தான் பதில் சொன்னார்கள். டென்மார்க் 2006-இல் ஓரளவு பெரிய நிறுவனங்களை ஆண்-பெண் சம்பளப் புள்ளிவிவரத்தைத் தெரியப்படுத்தச் சொன்னபோது இடைவெளி குறைந்தது, ஆனால் பெண்கள் சம்பளம் எகிறியதால் அல்ல, பெரும்பாலும் ஆண்கள் சம்பளம் ஏறும் வேகம் குறைந்ததால். இதைச் சொன்னால் இரண்டு தரப்புக்கும் பிடிப்பதில்லை.

பேரம் பேசாததுதான் காரணம் என்ற பேச்சையும் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். ஆஸ்திரேலியத் தரவில் பெண்களும் ஆண்கள் அளவுக்குச் சம்பள உயர்வு கேட்டிருக்கிறார்கள். கேட்ட ஆண்களில் 20 சதவீதம் பேருக்குக் கிடைத்தது, பெண்களில் 15 சதவீதம் பேருக்கு. இன்னொரு சோதனையில், சம்பளம் பேசித் தீர்மானிக்கலாம் என்று விளம்பரத்தில் ஒரு வரி சேர்த்ததும் பேரம் பேசுவதில் ஆண்-பெண் வித்தியாசம் மறைந்தது.

எனக்கே முழு நம்பிக்கை இல்லாத இடம், பெண்கள் அதிகமாகப் பார்ப்பதால்தான் சில வேலைகளுக்குக் கூலி குறைவு என்ற வாதம். அமெரிக்காவின் 1950 முதல் 2000 வரையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து, ஒரு தொழிலில் பெண்கள் பெருகிய பிறகு அதன் சம்பளம் இறங்குகிறது என்று காட்டியிருக்கிறார்கள். காரணமும் விளைவும் இதில் அவ்வளவு சுத்தமாகப் பிரியவில்லை. ஆனால் தனிப்பட்ட சம்பவங்களில் அது பளிச்சென்று தெரியும். 1968-இல் பிரிட்டனின் டாகன்ஹாம் போர்டு ஆலையில் கார் இருக்கை உறைகளைத் தைத்த பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தத் தையலைத் திறன் குறைந்த வேலை என்று கீழ் கிரேடில் போட்டிருந்தார்கள் என்பதுதான் அவர்கள் புகார். கூலி ஆண்கள் விகிதத்தில் 92 சதவீதமாக உயர்ந்தது. கிரேடு மாறுவதற்கு 1984-இல் இன்னொரு வேலைநிறுத்தம் தேவைப்பட்டது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1951 உடன்படிக்கை "சம வேலை" என்று நிறுத்தாமல் "சம மதிப்புள்ள வேலை" என்று எழுதியிருப்பது இந்த மாதிரி இடத்துக்காகத்தான். மதிப்பை அளப்பது யார் என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம், இடைவெளி சிறியதாக இருந்தால் நாடு சமத்துவமானது என்று பொருளில்லை. இத்தாலி, கிரீஸ் போன்ற நாடுகளில் இடைவெளி சிறியதாகத் தெரிந்ததற்கு ஒரு காரணம், குறைந்த சம்பளம் வாங்கியிருக்கக்கூடிய பெண்கள் வேலைக்கே வரவில்லை, வந்தவர்கள் நன்கு படித்தவர்கள். வேலைக்கு வராதவருக்குச் சம்பளக் கோப்பில் வரிசையே கிடையாது.

ஆக, உங்கள் கேள்விக்கு என் கணக்கு: 20 முழுவதும் முதலாளியின் பாரபட்சம் என்பது தவறு, உறுதி. பாரபட்சமே இல்லை என்பதும் தவறு, அதுவும் உறுதி. பெரும்பகுதி குழந்தைக்குப் பிறகு, நேரத்துக்கு விலை வைக்கும் விதத்தால் வருகிறது என்பதற்குச் சான்று பலமாக இருக்கிறது, அதில் விருப்பம் எவ்வளவு, நிர்ப்பந்தம் எவ்வளவு என்பதற்கு எண் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. உங்கள் சொந்த நிறுவனத்தில் நிலைமை எப்படி என்று பார்க்க விரும்பினால் மொத்த இடைவெளியைக் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். வேலையில் சேர்ந்தபோது ஒரே தகுதி இருந்தவர்கள் எந்த கிரேடில் வைக்கப்பட்டார்கள், பதவி உயர்வுக்கு இடையில் ஆணுக்கு எத்தனை மாதம், பெண்ணுக்கு எத்தனை மாதம், மகப்பேறு விடுப்பிலிருந்து திரும்பி வந்தவர்களுக்கு அந்த வருடம் என்ன மதிப்பீடு விழுந்தது என்று கேளுங்கள். கடைசியாகச் சொன்ன கேள்விக்குப் பல நிறுவனங்களில் பதில் தயாராக இருக்காது, ஏனென்றால் விடுப்பில் இருந்த மாதங்களுக்கு என்ன மதிப்பெண் போடுவது என்று விதியே எழுதியிருக்க மாட்டார்கள், அந்தந்த மேலாளர் தோன்றியதைப் போட்டிருப்பார்.